சுகர், பி.பி., டயாலிசிஸ், கூடவே கொரோனா: மனசு பட்ட பாடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவர் இல்லை. 2006-லிருந்து சர்க்கரை நோயோடு குடித்தனம் நடத்துகிறவள். ரத்த அழுத்தம் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. என் அண்ணன் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர். 2020-லும் 2021-லும் அவரைச் சென்னையில் ஒரு சென்டருக்குக் கூட்டிப்போய், வெளியே மரத்தடியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். துணைக்கு வந்தவர்களை உள்ளே விடமாட்டார்கள். அந்த மரத்தடியில் கேட்ட கேள்விகளும், இன்றுவரை யாராவது கேட்டுக்கொண்டிருக்கிற கேள்விகளும்தான் கீழே இருப்பவை. மருந்து விஷயத்தில் உங்கள் மருத்துவர் சொல்வதே கடைசிப் பேச்சு.

கொரோனா பயம் எல்லோருக்கும்தானே இருந்தது? நமக்கு மட்டும் என்ன தனியாக?

எல்லோருக்கும்தான். ஆனால் சாயங்காலம் சுகாதாரத்துறை அறிக்கை வரும்போது வித்தியாசம் தெரியும். இன்று இத்தனை பேர் இறந்தார்கள், அதில் இத்தனை பேருக்கு இணை நோய் இருந்தது என்று பிரித்துச் சொல்வார்கள். மருத்துவர்களுக்கு அந்தக் கணக்கு தேவை, அதில் தப்பில்லை. அது வீட்டுக்குள் வந்து விழுந்த விதம் வேறு. தெருவில் ஒருவர் போய்விட்டார் என்று தெரிந்ததும், "சுகர் இருந்துச்சாம்" என்று யாராவது சொல்வார்கள். சொல்கிறவர் குரலில் ஒரு நிம்மதி இருக்கும். சுகர் இல்லாதவருக்கு அது ஆறுதல்தான். பக்கத்தில் சுகரோடு நிற்கிறவளுக்கு?

அதுவரை நான் என்னை நோயாளி என்று நினைத்ததே இல்லை. காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு மாத்திரை போடுகிற ஆள், அவ்வளவுதான். இணை நோய் என்ற சொல் வந்த பிறகு, நான் செத்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள், காரணத்தை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார்கள் என்று தோன்ற ஆரம்பித்தது. மனசில் முதல் அடி விழுந்தது அங்கேதான்.

அப்புறம் அந்த இருமல். 2020 மார்ச்சில் யாருக்குப் போன் செய்தாலும் முதலில் ஒரு இருமல் சத்தம் கேட்கும், அதற்குப் பிறகுதான் அறிவிப்பு. வருடக்கணக்கில் ஆஸ்துமா உள்ள ஒரு அம்மா, "போன் எடுத்தாலே என்னைச் சொல்லிக் காட்டற மாதிரி இருக்குது" என்றார். பஸ் மறுபடி ஓட ஆரம்பித்த பிறகு, இருமலை அடக்கி அடக்கிக் கண்ணில் தண்ணீர் வந்து, தன் ஸ்டாப்புக்கு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தாராம்.

அந்தப் பயத்தில் நியாயம் இருந்ததா, இல்லை நாங்களாகக் கற்பனை செய்துகொண்டதா?

நியாயம் இருந்தது. சர்க்கரை, இதய நோய், சிறுநீரகக் கோளாறு, நாள்பட்ட நுரையீரல் நோய், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து, இவை உள்ளவர்களுக்குத் தொற்று தீவிரமாகும் வாய்ப்பு அதிகம். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று சொன்னவர்கள் நம்மைச் சமாதானப்படுத்தவில்லை, வாயை அடைத்தார்கள்.

ஆனால் பட்டியலில் பெயர் இருந்த எல்லோருக்கும் ஒரே அளவு ஆபத்து கிடையாது. வயது பெரிய வித்தியாசம் செய்தது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறவரும், 350-ல் நிற்கிறவரும் ஒன்றில்லை. 2021-இல் கருப்புப் பூஞ்சை வந்தபோது அது பெரும்பாலும் பிடித்தது, சர்க்கரை கட்டுமீறி இருந்து, ஸ்டீராய்டும் கொடுக்கப்பட்டவர்களைத்தான். பயத்தை இப்படிப் பிரித்துப் பார்த்தால், அதில் ஒரு பங்கு நம் கைக்கு எட்டுகிற வேலையாக மாறும். மீதிப் பங்கு பயமாகவே இருக்கும். இருக்கட்டும்.

மனசு சரியில்லை என்றால் சர்க்கரை ஏறுமா?

ஏறும். பதற்றத்தில் உடம்பு அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்களை அதிகமாகச் சுரக்கும். சண்டை போடவோ ஓடவோ எரிபொருள் வேண்டுமே என்று கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டும். நாம் எங்கே ஓடப்போகிறோம், சோபாவில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறோம். ராத்திரி இரண்டு மணி வரை தூக்கமில்லை, காலை நடை நின்றுபோனது, இட்லி சாப்பிட வேண்டிய நேரத்தில் காபி. எனக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 120 பக்கத்தில் இருந்தது, 2020 மே மாதம் 190-ஐத் தொட்டது. சாப்பாட்டில் ஒன்றும் மாறவில்லை என்று சத்தியம் செய்திருப்பேன். 190-ஐப் பார்த்ததும் பயம், பயத்தில் மறுநாள் 200. இந்தச் செக்குமாட்டுச் சுற்றிலிருந்து என்னை வெளியே இழுத்தது மொட்டை மாடி. காலை ஆறரைக்கு முப்பது சுற்று. எதிர் மாடியில் ஒரு பெரியவரும் நடப்பார். பேச்சு இல்லை, கை மட்டும் காட்டிக்கொள்வோம். அவர் வராத அன்று எனக்கு நாள் ஓடாது.

வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு பி.பி. மாத்திரையை நிறுத்திவிட்டேன். அது முட்டாள்தனமா?

பயந்தவர் செய்கிற காரியம்தான், வெட்கப்பட வேண்டாம். 2020 மார்ச்சில் ஒரு சந்தேகம் உண்மையிலேயே மருத்துவ உலகில் எழுந்தது. வைரஸ் உடம்பின் அணுக்களுக்குள் நுழையும் வாசலும், சில பி.பி. மருந்துகள் வேலை செய்யும் இடமும் தொடர்புள்ளவை என்பதால், அந்த மருந்துகள் ஆபத்தோ என்று கேட்டார்கள். டெல்மிசார்டான், எனலாப்ரில் போன்றவை அந்த வகை. இதய மருத்துவச் சங்கங்கள் அதே மாதத்தில் 'நிறுத்தாதீர்கள்' என்று அறிவித்தன. பிறகு பிரேசிலில் 659 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், நிறுத்தியதால் ஒரு நன்மையும் இல்லை என்று தெரிந்தது. ஆனால் வாட்ஸ்அப்பில் வந்தது முதல் பாதி மட்டும்தான்.

இதைவிடக் கொடுமை லூபஸ் (எதிர்ப்பு சக்தியே சொந்த உடம்பைத் தாக்கும் நோய்), முடக்குவாதம் உள்ளவர்களுக்கு நடந்தது. அவர்கள் வருடக்கணக்கில் சாப்பிடும் ஹைட்ராக்சிகுளோரோகுயின், ஒரே வாரத்தில் உலகமே தேடும் மருந்தானது. மார்ச் 25 அன்று இந்தியா அதன் ஏற்றுமதியைத் தடை செய்யும் அளவுக்குப் போனது. நோயே இல்லாதவர்கள் வாங்கிப் பதுக்க, நோயுள்ளவர்கள் கடை கடையாக அலைந்தார்கள். அந்த மாத்திரை கொரோனாவுக்குப் பயன்படவில்லை என்பது அப்புறம் தெரிந்த கதை. நோயாளிக்குக் கோபம் வரக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? அந்தக் கோபத்தை மனநோய் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் எப்படித் தாங்கினார்கள்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 'வீட்டிலேயே இருங்கள்' என்ற கட்டளையைக் கடைப்பிடிக்க முடியாதவர்கள் இவர்கள். வாரம் மூன்று நாள், நாள் ஒன்றுக்கு நான்கு மணி நேரம் மெஷின். இரண்டு முறை தவறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றே போகலாம். ஊரே கதவைச் சாத்திக்கொண்ட நாளில் இவர்கள் ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும், அதுவும் ஒருவர் பக்கத்தில் ஒருவராகப் படுக்க வேண்டும்.

2020 ஜூன் 19 முதல் 30 வரை சென்னையில் மறுபடி முழு ஊரடங்கு. ஆட்டோ கிடையாது. அண்ணனுடைய டயாலிசிஸ் சீட்டை ஸ்கூட்டர் முன்னால் பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தொங்கவிட்டிருந்தேன். போலீஸ்காரர் நிறுத்துவார், அண்ணன் முழுக்கைச் சட்டையை மேலே தூக்கி, டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த ஃபிஸ்டுலா வீங்கிய கையைக் காட்டுவார், போகச் சொல்வார்கள். மூன்றாவது நாள் அண்ணன் சொன்னார்: "கையைக் காட்டிப் பிச்சை எடுக்கற மாதிரி இருக்குதும்மா." போலீஸ்காரர் தப்பாக ஒன்றும் பேசவில்லை. நோயை நடுரோட்டில் நிரூபிக்க வேண்டியிருந்ததுதான் அண்ணனை உடைத்தது.

உள்ளே எல்லோரும் வெள்ளைக் கவச உடையில். எட்டு வருடமாகப் பழகிய டெக்னீஷியன் யார் என்று தெரியாது. முதுகில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொண்டார்கள், படுத்திருப்பவருக்கு முதுகு எங்கே தெரியும்? ஊசி போடும் முன் கையை அழுத்திப் பார்க்கும் விதத்தை வைத்து அண்ணன் ஆளைக் கண்டுபிடிப்பார். வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு நம்ம பொண்ணுதான் போட்டுச்சு" என்பார். அன்றைக்கு அவருக்கு நல்ல நாள்.

ஃபிஸ்டுலா உள்ளவர்களுக்குத் தெரியும், அதில் விரல் வைத்தால் பூனை உறுமுவதுபோல ஒரு அதிர்வு இருக்கும். அது நின்றால் ஆபத்து. அந்த மாதங்களில் அண்ணன் விடிந்ததும் கையைக் காதோரம் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். முதலில் நான் சிரித்தேன். பிறகு புரிந்தது: எந்தச் செய்தியையும் நம்ப முடியாத காலத்தில், அது ஒன்று அவர் தன் காதாலேயே கேட்டுத் தெரிந்துகொண்ட செய்தி.

விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டரை என்னால் கீழே வைக்க முடியவில்லை. ஒரு நாளைக்கு முப்பது தடவை பார்க்கிறேன்.

பார்க்கப் பார்க்கப் பதற்றம் கூடும், குறையாது. காய்ச்சலோ மூச்சுத் திணறலோ இல்லாதபோது அதை அலமாரியில் வையுங்கள். தொற்று வந்திருந்தால் மருத்துவர் சொன்ன நேரத்துக்கு மட்டும். விரல் சில்லென்று இருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் எண் தப்பாகக் காட்டும். 94-க்குக் கீழே என்றால் விரலைத் தேய்த்து மறுபடி பார்த்து, அப்படியே இருந்தால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள சிலருக்கு இயல்பான அளவே இதற்குக் கீழே இருக்கும். உங்கள் எண் என்ன என்று மருத்துவரிடம் கேட்டு, கருவியின் பின்னால் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

மகனும் மருமகளும் கல்யாணம் காட்சி என்று போய்விட்டு வருகிறார்கள். சொன்னால், "அம்மா, உங்களால வீடே ஜெயிலாயிடுச்சு" என்கிறார்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மா சொல்லும்போதே அழுதார். இரண்டு வலி இதில் இருக்கிறது. ஒன்று, தன் உயிரை வீட்டார் லேசாக எடுத்துக்கொள்கிறார்களே என்பது. இன்னொன்று, தன்னால்தான் பேரன் விளையாடப் போகவில்லை என்கிற குற்ற உணர்வு. இரண்டாவதைப் பலர் வெளியே சொல்வதே இல்லை.

எங்கள் வீட்டில் பலித்தது இதுதான். 'ஜாக்கிரதையா இருங்கப்பா' என்று பொதுவாகச் சொல்வதை விட்டேன். அது புலம்பலாகத்தான் காதில் விழுகிறது. குறிப்பாக மூன்று கேட்டேன்: கூட்டமான விசேஷத்துக்குப் போய்வந்தால் ஐந்து நாள் என் அறைக்கு வர வேண்டாம், கூடத்து ஜன்னல் எப்போதும் திறந்திருக்கட்டும், யாருக்குத் தொண்டை கரகரத்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பதிலுக்கு, அவர்கள் எங்கே போகிறார்கள் என்று நான் கேட்பதில்லை. முதல் வாரமே ஒருவன் மீறினான். சண்டை வந்தது. ஆனாலும் முன்பு இருந்த தினசரிச் சண்டை போய்விட்டது.

பக்கத்துப் படுக்கைக்காரர் இறந்துவிட்டார். சொந்தக்காரர்கூட இல்லை, ஏன் இப்படி வலிக்கிறது?

வாரம் பன்னிரண்டு மணி நேரம் பக்கத்தில் படுத்திருந்தவர். அண்ணன் தம்பியோடுகூட நாம் அவ்வளவு நேரம் இருப்பதில்லை. இறுதிச் சடங்கில் இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற காலத்தில், இப்படிப்பட்ட உறவுக்கு அங்கே இடமே இல்லை. மாலை போடவில்லை, துக்கம் கேட்கவில்லை, பதினாறாம் நாள் சாப்பாடு இல்லை. துக்கம் போய்ச் சேர ஒரு வாசல் வேண்டும் இல்லையா?

எங்கள் மரத்தடியில் ஒருவர் ஒரு வேலை செய்தார். இறந்தவருக்கு டயாலிசிஸ் முடிந்ததும் இரண்டு மாரி பிஸ்கட் சாப்பிடும் வழக்கம். அவர் போன மறுவாரம், இவர் ஒரு பாக்கெட் வாங்கிவந்து எல்லோருக்கும் இரண்டிரண்டு கொடுத்தார். யாரும் ஒன்றும் பேசவில்லை. மாஸ்க்கைக் கீழே இறக்கிச் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டோம். அன்று அண்ணன் நன்றாகத் தூங்கினார்.

எனக்கு வந்திருப்பது சலிப்பா, மனச்சோர்வா? எப்படித் தெரிந்துகொள்வது?

மருத்துவர்கள் முதலில் கேட்பது இரண்டே கேள்வி. கடந்த இரண்டு வாரத்தில், எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருந்தீர்களா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்தீர்களா? பாதிக்கு மேற்பட்ட நாட்களில் 'ஆமாம்' என்றால் ஆளைப் பார்த்துப் பேச வேண்டும்.

நமக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. களைப்பு, பசியின்மை, தூக்கமின்மை எல்லாம் மனச்சோர்வின் அடையாளங்கள். சிறுநீரக நோயிலும் சர்க்கரையிலும் அவை சும்மாவே இருக்கும். அதனால் களைப்பை வைத்து முடிவு செய்யாமல், பிடித்தது பிடிக்காமல் போனதா என்று பாருங்கள். பேத்தி போன் செய்தால் எடுக்கத் தோன்றுகிறதா? கூடவே ஹீமோகுளோபின், தைராய்டு பார்த்துவிடுங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம், அதுவும் ஆளைச் சோர்த்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. மனச்சோர்வு இல்லை, ஆனால் குத்திக் குத்திப் பார்ப்பதும், கணக்குப் பார்த்துச் சாப்பிடுவதும், எண் ஏறினால் திட்டு வாங்குவதும் சேர்ந்து, "போதும்டா சாமி" என்று ஆகிவிடும். மருத்துவத்தில் இதைத் தனியாகவே கவனிக்கிறார்கள், 1995-லேயே இதை அளக்க ஒரு கேள்வித்தாள் வந்துவிட்டது. இதற்கு மாத்திரை பெரிதாக உதவாது. சுமையைக் குறைப்பதும், திட்டாத மருத்துவரும்தான் மருந்து.

ஏற்கனவே ஒன்பது மாத்திரை. மனசுக்கும் ஒன்றா?

எல்லோருக்கும் தேவைப்படாது, பேச்சு மட்டுமே போதுமானவர்கள் உண்டு. தேவை என்றால் தயங்க வேண்டாம். மனச்சோர்வு மாத்திரை பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். நான்கு நாளில் 'ஒன்றும் கேட்கவில்லை' என்று நிறுத்தாதீர்கள், நன்றாக இருக்கிறது என்று நீங்களாகவும் நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுப்பவரிடம் மொத்த மாத்திரைப் பட்டியலையும் காட்டுங்கள், சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை வேறு சமாச்சாரம். அது பழக்கமாகிவிடும், மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து.

தடுப்பூசி போட்டுக்கொள்ளவும் பயந்தோம். அது ஏன்?

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்டார், 17-ஆம் தேதி மாரடைப்பில் காலமானார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று பின்னர் மத்திய அரசின் குழு சொன்னது. ஆனால் அந்த வாரம் இதய நோயாளிகள் தூங்கவில்லை. இதற்கு முந்தின மாதம் நடந்ததையும் சொல்ல வேண்டும். மார்ச் 1 முதல், 45 முதல் 59 வயதுக்குள் குறிப்பிட்ட 20 நோய்களில் ஒன்று உள்ளவர்களுக்கு முன்னுரிமை என்றார்கள். பத்து வருடத்துக்கு மேல் சர்க்கரை, கூடவே பி.பி. என்று மருத்துவரிடம் கையெழுத்து வாங்கி வரிசையில் நின்றேன். நோய்ப் பட்டியலில் பெயர் இருந்ததால் ஒரு வருடம் அழுதவளுக்கு, அதே பட்டியல் அன்று ரேஷன் கார்டு மாதிரி உதவியது. சிரிப்புதான் வந்தது.

நோயாளியிடம் "தைரியமா இருங்க" என்று சொல்லலாமா?

சொல்லாமல் இருப்பது நல்லது. "மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கு, வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேளுங்கள்.

யாரிடம் பேசுவது? கீழ்ப்பாக்கம் போக வேண்டுமா?

கீழ்ப்பாக்கம் என்றாலே நாம் கேலியாகப் பேசிப் பழகிவிட்டோம். 1794-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அது, அங்கே போனால் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் எடுத்தவுடன் அங்கே போக வேண்டியதும் இல்லை. உங்கள் சர்க்கரை மருத்துவரிடமே 'மனசு சரியில்லை' என்று சொல்லலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-உம் உண்டு.

'மெஷினை நிறுத்திவிட்டால் என்ன', 'இன்சுலினை மொத்தமாகப் போட்டுக்கொண்டால் என்ன' என்று தோன்றினால், அது அவசரம். அன்றே, அப்போதே யாரிடமாவது சொல்லுங்கள். 1986 முதல் சென்னையில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவின் எண் 044-24640050. வீட்டில் ஒருவர் இப்படிப் பேசினால், 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மருந்தையும் ஊசியையும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆளைத் தனியே விடாதீர்கள்.

இன்னொரு தொற்று வந்தால் மனசைத் தயார் செய்வது எப்படி?

மனசைத் தயார் செய்ய எனக்குத் தெரியாது. வீட்டைத் தயார் செய்யலாம், மனசு கொஞ்சம் பின்னாலேயே வரும். ஒரு மாத மாத்திரை கூடுதலாக. நோய் விவரம், மருந்துப் பெயர், அளவு எழுதிய ஒரு தாள், அதை போட்டோ எடுத்து இரண்டு பேர் போனில். டயாலிசிஸ் என்றால் இரண்டாவது சென்டரின் பெயரும், ஒருவேளை தள்ளிப்போனால் தண்ணீரையும் பழத்தையும் எவ்வளவு குறைப்பது என்ற குறிப்பும். போனில் பார்க்கும் மருத்துவர் ஒருவர். மத்திய அரசு 2020 மார்ச் 25 அன்றே தொலைமருத்துவத்துக்கு விதிமுறை வெளியிட்டுவிட்டதால், இது இப்போது முறைப்படியான வழிதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பி.பி. மாத்திரை வீட்டுக்கே வருகிறது. உங்கள் பகுதியில் வரும் பணியாளரிடம் பெயரைப் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டார்கள். நான் இன்னும் போடுகிறேன். எனக்கு ஏதாவது கோளாறா?

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று கொரோனா அவசரநிலையை முடித்துவைத்தது. கிருமி போய்விட்டது என்று அது சொல்லவில்லை. மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர், புற்றுநோய் மருந்தில் இருப்பவர் கூட்டத்தில் மாஸ்க் போட்டால் அது கணக்குப் போட்டு எடுத்த முடிவு. ஆனால் தனியாக மொட்டை மாடியில் நிற்கும்போதும் கழற்றப் பயமாக இருக்கிறது, கல்யாண வீடு என்றாலே வாசலோடு திரும்பிவிடுகிறீர்கள், பேரனைத் தூக்குவதில்லை என்றால், மேலே சொன்ன யாரிடமாவது பேசுங்கள்.

அண்ணன் இன்னும் டயாலிசிஸ் சென்டருக்குள் மாஸ்க் போடுகிறார். மரத்தடிக்கு வந்ததும் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, பிஸ்கட் எங்கே என்று கேட்கிறார்.